பழைய கம்ப்யூட்டரில் ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) மாற்றினால் கிராஃபிக்ஸ் கார்டு ஒத்துவருமா? (ஜிஃபோர்ஸ் 210, எச்61 போர்டு)

தறிமேடை (இளம்பிள்ளை)

பட்டறையில சேலை டிசைன் போடற கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 7 ஓடுது. குரோம் 109-க்கு மேல ஏறமாட்டேங்குது, பேங்க் சைட்டெல்லாம் பிரவுசர் பழசுன்னு தள்ளிவிடுது. அதனால புதுசா ஓஎஸ் போடப் பார்த்தேன், கார்டு படுத்துது.

உள்ள இருக்கறது: கோர் ஐ3-2120, எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 (ஒரே ஸ்டிக்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், ஜிஃபோர்ஸ் 210 1 ஜிபி. மானிட்டர் 18.5 இன்ச், 1366 × 768, விஜிஏ மட்டும்தான்.

விண்டோஸ் 10, 64 பிட், வேற ஒரு பழைய டிஸ்க்ல போட்டேன். இன்ஸ்டால் ஆச்சு. முதல்ல 1024 × 768தான் வந்துச்சு. கிராஃப் கட்டமெல்லாம் அகலமா இழுத்துக்கிட்டு, மாங்கா புட்டா சப்பையாத் தெரிஞ்சுது. நெட் கொடுத்து அரை மணி நேரத்துல திரை ரெண்டு தடவை சிமிட்டுச்சு, அளவு சரியாயிடுச்சு. மறுநாள் காலைல ஆன் பண்ணினா லோகோ வரைக்கும் வருது, அப்புறம் கருப்பு. ரீசெட் பட்டனை அழுத்தினா ஒழுங்கா வருது. தினமும் இதே கதை.

லினக்ஸ் மின்ட் 22 பென்டிரைவ்ல போட்டா லோகோவோட நின்னுடுது. மானிட்டர் கேபிளைக் கழட்டி மதர்போர்டு விஜிஏல சொருகினா 'நோ சிக்னல்'.

டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும், யூஎஸ்பி டாங்கிள் (லைசன்ஸ் சாவி) இருந்தாத்தான் திறக்கும். கார்டு போயிடுச்சா? மாத்தணும்னா எது வாங்கறது?

இன்னொண்ணு: ஏற்காட்டுல மாமா எஸ்டேட் ஆபீஸ்ல கோர் 2 டுவோ ஈ7500, ஜி41 போர்டு, ரேடியான் எச்டி 5450 இருக்கு. அதுல விண்டோஸ் 11 போட்டுத் தரேன்னு ஒருத்தர் சொல்றாராம். நடக்குமா?

---

சாலிடர்புகை (அஸ்தம்பட்டி)

கார்டு போகலைங்க. மூணு தொல்லைக்கும் மூணு தனித்தனிக் காரணம்.

ஒண்ணு, காலைல வர்ற கருப்புத் திரை. ரீசெட் அடிச்சா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு. விண்டோஸ் 10-ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு தானாவே ஆன் ஆகியிருக்கும். ஷட் டவுன் கொடுத்தா கர்னலையும் (ஓஎஸ்ஸோட உள்கரு) டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்க்ல எழுதிவெச்சு, மறுநாள் அப்படியே எடுத்து விரிக்கும். பழைய டிரைவருக்கு அந்த நிலையிலிருந்து கார்டை எழுப்பத் தெரியாது. ரீசெட்டோ ரீஸ்டார்ட்டோ கொடுத்தா எல்லாம் முதல்லேர்ந்து ஏறும், அதனால ஒழுங்கா வருது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போங்க. மேல இருக்கற 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' அழுத்தினாத்தான் கீழ இருக்கற டிக் எடுக்க விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துடுங்க.

அதோட டிரைவரையும் மாத்திடுங்க. அரை மணி நேரத்துல சிமிட்டினது விண்டோஸ் அப்டேட் தானா ஒரு டிரைவரை இறக்கினது. இந்தக் கார்டுக்கு என்விடியா விண்டோஸ் 10-க்குக் கடைசியா விட்டது 342.01, 2016 டிசம்பர்ல. அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது, வரவும் வராது. செய்யற வரிசை முக்கியம்:

342.01-ஐயும், டிடியூ எனப்படற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் முதல்லயே இறக்கி டிஸ்க்ல வெச்சுக்கோங்க. 32 பிட், 64 பிட் பார்த்து எடுங்க. அப்புறம் லேன் கேபிளைக் கழட்டிடுங்க. இதை மறந்தா நீங்க கழட்டக் கழட்ட அப்டேட் பின்னாலயே பழையதைக் கொண்டுவந்து போடும். ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோட் போய், டிடியூவை ஓட்டி என்விடியாவைச் சுத்தமா எடுங்க. திரும்பி வந்தா 1024 × 768 இருக்கும், பயப்படாதீங்க. அது மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். இப்ப 342.01. 'கஸ்டம்' எடுத்து 'கிளீன் இன்ஸ்டால்' டிக் பண்ணுங்க. எச்டி ஆடியோ, 3டி விஷன் ரெண்டும் உங்களுக்கு வேண்டாம். விஜிஏல சத்தம் போகாது. கடைசியா சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்'ல 'நோ' கொடுத்துட்டு லேனைச் சொருகுங்க.

ரெண்டு, மின்ட் நிக்கறது. லினக்ஸ் கர்னல்ல என்விடியா கார்டுக்குன்னு இருக்கற நூவோ டிரைவர் திரையைக் கையில எடுக்கற நொடியில கார்டு தடுமாறுது. பென்டிரைவ் மெனுவுலேயே 'கம்பாட்டிபிலிட்டி மோட்'னு ஒரு வரி இருக்கும், அதுல போங்க. இல்லேன்னா முதல் வரியில நின்னு 'ஈ' அழுத்தி, 'கொயட் ஸ்பிளாஷ்'க்குப் பக்கத்துல 'நோமோட்செட்'னு சேர்த்து எஃப்10. இன்ஸ்டால் ஆனப்புறம் அதை எடுக்கணும். நிறைய பேர் அதைக் கிரப் (பூட் மெனு) ஃபைல்ல நிரந்தரமா எழுதிட்டு 'லினக்ஸ் மெதுவா இருக்கு'ன்னு திட்டுவாங்க. அது இருக்கற வரைக்கும் கார்டுக்கு டிரைவரே ஏறாது, படம் மொத்தமும் ப்ராசசர்தான் வரையும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல 'எல்எல்விஎம்பைப்'னு தெரிஞ்சா இந்தக் கூத்துதான் நடக்குதுன்னு அர்த்தம்.

மின்ட் 22-ல டிரைவர் மேனேஜரைத் திறந்தா 210-க்கு ஒண்ணும் காட்டாது. அது கோளாறில்ல. இந்தத் தலைமுறைக்கு லினக்ஸ்ல கடைசி டிரைவர் 340.108, 2019 டிசம்பர். அந்தக் காலத்துக் கர்னலுக்கு எழுதினது. மின்ட் 22 கர்னல் 6.8-ல நிக்குது. என்விடியா சைட்லேர்ந்து ஃபைலை இறக்கிப் போட்டா கம்பைல் ஆகாம நிக்கும். யாரோ ஒட்டுப்போட்டதை ஏத்தினாலும் அடுத்த கர்னல் அப்டேட்ல மறுபடி கருப்புத் திரை. நூவோவோட இருந்துக்கோங்க. பிரவுசர் உறைஞ்சா அதுல ஹார்டுவேர் அக்சலரேஷனை அணைச்சுடுங்க.

மூணு, போர்டு விஜிஏல 'நோ சிக்னல்'. ஸ்லாட்ல கார்டு இருந்தா எச்61 போர்டு ஆன்போர்டு கிராஃபிக்ஸை அணைச்சுடும். கார்டைக் கழட்டினாத்தான் அந்தப் போர்ட் உயிர்க்கும். இல்லேன்னா பயாஸ்ல 'ஐஜிடி மல்டி மானிட்டர்' ஆன் பண்ணணும்.

கார்டு பேரை நம்பாம நம்பரைப் பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், 'ஹார்டுவேர் ஐடிஸ்'. 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி, 8086 இன்டெல். உங்க 210-க்கு டிவைஸ் நம்பர் 0ஏ65-னு வரும். வேற நம்பர் வந்தா இங்க போடுங்க.

---

குகைக்காரன்

சாலிடர்புகை சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்தக் கார்டை ஏன் காப்பாத்திக்கிட்டு இருக்கணும்? கழட்டி வைங்க.

ஐ3-2120-க்குள்ளயே எச்டி 2000 இருக்கு. 210-ல இருக்கறது 16 கோர், 64 பிட் மெமரி. ரெண்டுக்கும் கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் கிடையாது. கார்டு 30 வாட் சூட்டைக் கொடுக்கறதுதான் மிச்சம், அதுல அந்தச் சின்ன ஃபேன் பஞ்சு பிடிச்சு நின்னுடும். பட்டறையில நூல் தூசி எவ்வளவு பறக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

எச்டி 2000-க்கு விண்டோஸ் 10 டிரைவர்னு இன்டெல் தனியா விடல, ஆனா விண்டோஸ் அப்டேட் 9.17.10.4459-ஐத் தானா கொண்டுவந்துடும். மின்ட் 22-ல எதுவும் போட வேண்டாம், பென்டிரைவ்லேயே முழு அளவுல வரும். நோமோட்செட் தொல்லையும் கிடையாது.

ஒரே ஒரு செலவு இருக்கு. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் மெயின் ரேமிலிருந்துதான் எடுத்துக்கும். 4 ஜிபி ஒரே ஸ்டிக்னா ஒரு சேனல்தான் ஓடும். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1333 வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல போடுங்க. ப்ராசசருக்கு மெமரி வழி ரெண்டு மடங்காகும், எச்டி 2000-க்கு அதுதான் சாப்பாடு. மெமரியில சிப் ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு பார்த்து, இருக்கறது மாதிரியே எடுத்தா நல்லது. எச்61 சில சமயம் அடம்பிடிக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி பயாஸ் பக்கங்களை எல்லாம் போன்ல படம் எடுத்துக்கோங்க. இவ்வளவு வருஷத்துல சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். மாத்தும்போது செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிடும். சாட்டா மோட் ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறினா இருக்கற விண்டோஸ் 7 நீலத் திரை 7பி-யோட நிக்கும். எல்லாரும் கார்டு கழட்டினதாலன்னு நினைச்சு அதையே திரும்பத் திரும்பச் சொருகிப் பார்ப்பாங்க. தேதி தப்பா இருந்தா பேங்க் சைட்டும் திறக்காது, அதையும் பாருங்க.

---

சாலிடர்புகை (அஸ்தம்பட்டி)

குகைக்காரரே, ஒரு இடத்துல மட்டும் நிறுத்தறேன். விண்டோஸ்ல எச்டி 2000 ஓபன்ஜிஎல் (சாஃப்ட்வேர் கார்டை வெச்சுப் படம் வரையற முறை) 3.1 வரைக்கும்தான். 210 3.3 வரைக்கும் போகும். டிசைன் சாஃப்ட்வேர் 3.3 கேட்டா, கார்டைக் கழட்டினதும் துணி மேல டிசைனைக் காட்டற ஜன்னல் வெள்ளையா நிக்கும், இல்ல திறக்கவே திறக்காது. (வேடிக்கை என்னன்னா லினக்ஸ்ல அதே எச்டி 2000 3.3 கொடுக்கும். சிப்பால முடியாம இல்ல, டிரைவர் எழுதலை.)

அதனால தறிமேடை, கார்டை எடுத்துட்டு முதல்ல சாஃப்ட்வேரைத் திறந்து கிராஃப் பக்கம், முந்தி முழுசா ஜூம் பண்றது, துணி மாதிரி பார்க்கறது மூணையும் ஓட்டிப் பாருங்க. ஓடினா கார்டு வேண்டாம். ஓடலேன்னா 342.01 வழி.

டாங்கிள் டிரைவர் 32 பிட்டா 64 பிட்டான்னும் இப்பவே கேட்டு வைங்க. 32 பிட் மட்டும்னா விண்டோஸ் 10 32 பிட் போடணும், 342.01-லயும் 32 பிட் இருக்கு. விண்டோஸ் 11-ல 32 பிட்டே கிடையாது, அது உங்க கார்டுக்கும் சேராது. அது கேக்கறது டைரக்ட்எக்ஸ் 12, டபிள்யூடிடிஎம் 2.0 (விண்டோஸ் டிஸ்ப்ளே டிரைவர் முறை). உங்களுது டைரக்ட்எக்ஸ் 10.1.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. டிசைனுக்கு விண்டோஸ் 10, நெட் இல்லாம. பேங்க், மெயிலுக்கு இன்னொரு பார்ட்டிஷன்ல மின்ட். விண்டோஸை முதல்ல போட்டு, மின்டை அப்புறம் போடுங்க. ரெண்டையும் ஒரே முறையில, ஒண்ணு லெகசின்னா (பழைய பயாஸ் முறை) மத்ததும் லெகசி. 210-ல யூஇஎஃப்ஐ-ங்கற புது முறையில படம் காட்டத் தேவையான ஜிஓபி கிடையாது. பயாஸ்ல பழைய முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைச்சா திரை வராது. அதனால கார்டு இருக்கறவரை ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல 'எம்பிஆர், பயாஸ்'னு எடுத்துப் பென்டிரைவ் தயார் பண்ணுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா மின்ட்லேர்ந்து விண்டோஸ் பார்ட்டிஷன்ல எழுதவும் விடாது. அதை அணைக்க அது இன்னொரு காரணம்.

---

தறிமேடை (இளம்பிள்ளை)

கார்டைக் கழட்டினேன், போர்டு விஜிஏல படம் வந்துடுச்சு, 1366 × 768. மின்டும் லோகோ தாண்டிப் போயிடுச்சு. கிராஃப் பக்கம் ஓடுது. துணி மாதிரி காட்டற ஜன்னல் மட்டும் வெள்ளையா நிக்குது. நீங்க சொன்ன மாதிரியேதான்.

நாலு ரோடு பக்கம் ஒரு கடையில பழைய கார்டு ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு 'ஜிடி 730 4 ஜிபி'. இன்னொண்ணு 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி', ரொம்ப மலிவாச் சொல்றாங்க. எது எடுக்கலாம்?

---

குகைக்காரன்

ரொம்ப மலிவா 1050 டிஐ-ன்னா தள்ளி நில்லுங்க. ஃபெர்மின்னு சொல்ற பழைய என்விடியா தலைமுறையோட ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி கார்டுகளோட பயாஸை மாத்தி எழுதி அந்தப் பேர்ல விக்கறாங்க. டிவைஸ் மேனேஜர்லயும் 1050 டிஐ-ன்னேதான் காட்டும். ஒரிஜினல் டிரைவரைப் போட்டதும் 'கோட் 43' பிழை, இல்ல கருப்புத் திரை. கடையிலேயே ஜிபியூ-இசட் (கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேர்) ஓட்டச் சொல்லுங்க, போலின்னா பேருக்கு முன்னாடி 'ஃபேக்'னு எழுதிக் காட்டும். கண்ணால பார்க்கறதும் உண்டு: 1050 டிஐ-ல டிவிஐ-டி, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும். பின்னாடி விஜிஏ போர்ட் இருந்தா அது 1050 டிஐ-யே இல்ல.

ஜிடி 730-லயும் சூட்சுமம் இருக்கு. ஒரே பேர்ல மூணு விதம். 96 கோர், 128 பிட் டிடிஆர்3-ன்னா அது பழைய ஃபெர்மி சிப், 49 வாட். 384 கோர், 64 பிட்னா கெப்ளர் (அடுத்த தலைமுறை), டிடிஆர்3 23 வாட், ஜிடிடிஆர்5 25 வாட். '128 பிட்'னு பெருமையாச் சொல்லி விக்கறதுதான் பழசு. 4 ஜிபி எழுதியிருந்தா அதுக்காக ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க, அந்த வேகத்துக்கு அவ்வளவு மெமரி எதுக்கும் உதவாது.

விதம் தெரியாம வாங்கினா ஓஎஸ் போடும்போதுதான் அடி விழும். ஃபெர்மிக்கு விண்டோஸ்ல கடைசி 391.35, லினக்ஸ்ல 390 வரிசை. மின்ட் 22-ல அது கிடைக்காது. கெப்ளருக்கு லினக்ஸ்ல 470 வரிசை, மின்ட் 22 டிரைவர் மேனேஜர்லேயே வரும். அதனால 384 கோர்னு ஜிபியூ-இசட்ல பார்த்தாத்தான் எடுக்கணும். ஜிடி 710-ம் அதே கெப்ளர்தான், 192 கோர், 19 வாட். உங்க வேலைக்கு அதுவே போதும். பெரும்பாலும் விஜிஏ போர்ட்டோட வரும்.

---

ஒண்டிக்கடை (ஏற்காடு)

மாமா மெஷினைப் பத்தி நான் சொல்றேன். விண்டோஸ் 11 போட்டுத் தரேன்னு சொல்றவர்கிட்ட எந்தப் பதிப்புன்னு கேளுங்க. 24எச்2-லேர்ந்து ப்ராசசர்ல பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2-ங்கற இன்ஸ்ட்ரக்‌ஷன் ரெண்டும் இருந்தாத்தான் பூட்டே ஆகும். ஈ7500-ல எஸ்எஸ்இ 4.1 வரைக்கும்தான். ரெஜிஸ்ட்ரியில டிபிஎம் (பாதுகாப்பு சிப்) சோதனையைத் தாண்டற வித்தையெல்லாம் இதுக்கு எடுபடாது, அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனே சிப்ல இல்ல. பழைய 22எச்2 ஏத்தி வெச்சாலும் 24எச்2-க்கு அப்டேட் ஆக முடியாம நிக்கும். கார்டும் டைரக்ட்எக்ஸ் 11-ஓட முடிஞ்சுபோற ரகம்.

லினக்ஸ்ல எச்டி 5450 அருமையான கார்டு. என்விடியா மாதிரி வரிசை நம்பர் தேடவே வேண்டாம். கர்னல்ல இருக்கற ரேடியான் டிரைவர் எடுத்துக்கும், ஏஎம்டி சைட்லேர்ந்து எதையும் இறக்காதீங்க. ஒரே இடத்துல மாட்டும்: டெபியன் 11 (இன்னொரு லினக்ஸ்) மாதிரி பழைய இன்ஸ்டாலர்ல 'சீடார்' (5450-ஓட சிப் பேர்) ஃபர்ம்வேர் ஃபைல் கூட வராது. இன்ஸ்டால் ஆகி முதல் பூட்ல திரை சின்னதாவோ கருப்பாவோ நிக்கும். டெபியன் 12-லேர்ந்து இன்ஸ்டாலரே ஃபர்ம்வேரைக் கொண்டுவருது, மின்ட்ல எப்பவுமே இருக்கு. மலையில நெட் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால ஐஎஸ்ஓ ஃபைலைக் கீழ சேலத்துலேயே இறக்கி, செக்சம் (ஃபைல் பழுதில்லாம வந்துச்சான்னு காட்டற எண்) சரிபார்த்து எடுத்துக்கிட்டு ஏறுங்க. ஈ7500-க்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போதும். 4 ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுட்டா கணக்கு வேலை நல்லாவே நடக்கும்.

இங்க ஓஎஸ்-ஐக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஸ்லாட்டைப் பார்க்கணும். ஆடி தொடங்கி மார்கழி வரைக்கும் மூடுபனி ஜன்னலுக்குள்ள வரும், கார்டோட தங்க நிறப் பல்லு மங்கிப்போகும். பூட் ஆகும்போது ஒரு நீளம், ரெண்டு குட்டை பீப் வந்தா (அவார்டு பயாஸ்னா) கார்டு சரியா உட்காரலைன்னு அர்த்தம். பவர் கேபிளைப் பிடுங்கி, பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிட்டு, கார்டை எடுத்து பென்சில் ரப்பரால பல்லை ஒரே திசையில தேய்ங்க. ரப்பர் தூளைத் துடைச்சுட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒரு தடவை. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போயிடும். அப்படியே போர்டுல ப்ராசசரைச் சுத்தி நிக்கற கெப்பாசிட்டர் தலையை விரலால தடவிப் பாருங்க. தட்டையா இருக்கணும். மேடு தட்டினா எந்த ஓஎஸ் போட்டாலும் திடீர்னு நிக்கும்.

---

தறிமேடை (இளம்பிள்ளை)

ஜிபியூ-இசட் ஓட்டச் சொன்னேன். 1050 டிஐ-க்கு முன்னாடி 'ஃபேக்'னு வந்துச்சு, கடைக்காரரே எடுத்து உள்ள வெச்சுட்டார். 730 பார்த்தா 96 கோர், 128 பிட். வாங்கல. இன்னொரு கடையில ஜிடி 1030 ஒண்ணு இருக்கு, எச்டிஎம்ஐயும் டிவிஐயும் இருக்கு, விஜிஏ இல்ல. டிவிஐ-ல விஜிஏ அடாப்டர் மாட்டினாப் போதும்னு சொல்றாங்க. சரியா?

---

சாலிடர்புகை (அஸ்தம்பட்டி)

அந்த டிவிஐ ஓட்டையை உத்துப் பாருங்க. ஒரு ஓரத்துல தட்டையான கீறல் இருக்கும். அதைச் சுத்தி மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு துளை இருந்தா டிவிஐ-ஐ, விஜிஏ சிக்னல் உள்ள இருக்கு. வெறும் கீறல் மட்டும்னா டிவிஐ-டி, அனலாக் சுத்தமாக் கிடையாது. 1030-ல இருக்கறது டிவிஐ-டி. அந்தச் சின்ன அடாப்டரோட நாலு பின்னும் உள்ள போகாது, அழுத்தித் திணிச்சா வளையும். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ மாத்தற, உள்ள சிப் வெச்ச கன்வர்ட்டர் வேணும்.

1030-லயும் ரெண்டு வகை. ஜிடிடிஆர்5-ன்னா விநாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4-ன்னா 16.8 ஜிபி. டப்பாவுல பேர் ஒண்ணுதான், ஜிபியூ-இசட்ல 'மெமரி டைப்' பாருங்க. ஸ்லாட் நீளமா இருந்தாலும் கார்டு 4 லேன்தான் எடுத்துக்கும். ஜிடிடிஆர்5 30 வாட், டிடிஆர்4 20 வாட், தனி பவர் ஒயர் வேண்டாம். விண்டோஸ் 10, மின்ட் ரெண்டுலயும் 580 வரிசை டிரைவர் போதும்.

ஆனா எச்61-ல சில போர்டு பழைய பயாஸோட 1030-ஐக் கண்டா பீப் அடிச்சு நின்னுடும். போர்டு மாடலைப் பார்த்து, கடைசி பயாஸை இப்பவே, ஆன்போர்டுல ஓடும்போதே ஏத்திடுங்க. யூபிஎஸ்ல வெச்சுத்தான் ஏத்தணும், நடுவுல கரன்ட் போனா போர்டு போச்சு. அப்புறம் கடையில 'மாட்டிப் பார்த்துட்டு வாங்கறேன்'னு சொல்லி சிபியூ பெட்டியைக் கையோட தூக்கிட்டுப் போங்க. டாங்கிளையும்.